வான்கோழி ரோஸ்ட்ல மசாலா சொதப்புதா? என்ன கோளாறுன்னு பாத்து சரி பண்ற வழி

டிசம்பர் வந்துட்டா நம்ம மலைப்பக்கம் எல்லாரும் கேக்குறது ஒரே மாதிரி தான் இருக்கும். மசாலா ஒட்டல, தோல் கருகிருச்சி, உள்ள சப்புன்னு இருக்கு, உப்பு கரிக்குது. கேட்டு முடிச்ச கையோட "எந்த மசாலா பாக்கெட் நல்லது"ன்னும் கேப்பாங்க. பாவம் மசாலா மேல பெரும்பாலும் குத்தமே இருக்காது, உப்பு, ஈரம், சூடு இந்த மூணுல ஒண்ணு தான் வேலைய கெடுத்து வச்சிருக்கும். அதனால விலை கூடின வெளிநாட்டு டப்பா வாங்க ஓடுறதுக்கு முன்னாடி கீழ உங்க கோளாறு எதுன்னு தேடி அதை மட்டும் வாசிங்க. காசு செலவில்லாத காரணம் முதல்ல இருக்கு, செலவு வைக்கிறது பின்னாடி.

நான் சொல்ற அளவு எல்லாம் 5 கிலோ பறவைக்கு. உப்புத்தூள் 50 கிராம், பொடிச்ச மிளகு 2 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 2 மேசைக்கரண்டி, பப்ரிக்கா இல்லன்னா காரம் கம்மியான மிளகாத்தூள் 1 மேசைக்கரண்டி, பூண்டுத்தூள் 2 தேக்கரண்டி, சீரகத்தூள் 1 தேக்கரண்டி, கறுவாத்தூள் அரை தேக்கரண்டி, காஞ்ச தைம் கொஞ்சம். உப்ப மத்த மசாலாவோட கலக்காம தனியா வைங்க, ஏன்னு போகப்போக தெரியும். வான்கோழி கிடைக்காம பிராய்லர் கோழி தான் பண்றீங்கன்னாலும் இதே தான், எடைக்கு நூத்துக்கு ஒண்ணு உப்பு.

மசாலா ஒட்டவே இல்ல, வழுக்கி ட்ரேயில கொட்டுது

தோல் ஈரமா இருக்கு. வேற பெரிய காரணம் எதையும் தேடாதீங்க. டிஷ்யூ பேப்பர எடுத்து நெஞ்சு, தொடை இடுக்கு, சிறகுக்கு அடியில, வயித்துக்குள்ள எல்லாம் ஒத்தி ஒத்தி எடுங்க, கடைசியா ஒத்தின பேப்பர் காஞ்சு வரணும். சிலபேர் இதுக்கு முன்னாடி பைப்புக்கடியில வச்சி நல்லா கழுவுறாங்க, அது தேவையில்லாத வேலை, கழுவுற தண்ணி தெறிச்சி சிங்க் பூரா கிருமி பரவுறது தான் மிச்சம்.

ஒத்த ஒத்த தண்ணி ஊறிக்கிட்டே இருந்தா உள்ள இன்னும் ஐஸ் இருக்குன்னு அர்த்தம். வயித்துக்குள்ள கைய விட்டு பாருங்க, விரல் மரத்துப் போற மாதிரி சில்லுன்னு கட்டி கட்டியா பட்டா அது உருகல. (கைய விட்டதோட கழுத்தும் ஈரலும் போட்ட பை ஒண்ணு உள்ள இருக்கும், அதையும் எடுத்துருங்க. அதை மறந்து பையோட ரோஸ்ட் பண்ணின வீடுகள் நிறைய.) ஃப்ரிஜ்ல வச்சி உருக்கினா 2 கிலோவுக்கு ஒரு நாள் பிடிக்கும், அப்போ 5 கிலோவுக்கு ரெண்டரை மூணு நாள். 25ஆம் தேதி பகல் சாப்பாட்டுக்கு 21ஆம் தேதியே ஃப்ரீசர்ல இருந்து கீழ இறக்கிரணும், ஏன்னா உப்பு பிடிக்க வேற ஒரு ராத்திரி வேணும். நேரமில்லன்னா பைய பிரிக்காம பச்சத்தண்ணியில முக்கி வைங்க, அரை மணிக்கொரு தடவை தண்ணி மாத்தணும், 450 கிராமுக்கு அரை மணி கணக்கு, 5 கிலோவுக்கு அஞ்சரை மணி நேரம் போகும். இப்பிடி உருக்கினத உடனே சமைச்சிரணும்.

இங்க ஒரு விஷயத்த அழுத்தி சொல்லணும். நுவரெலியா, கந்தப்பளை பக்கம் இருக்கிறவங்க "வெளியவே ஃப்ரிஜ் மாதிரி தானே இருக்கு"ன்னு ராத்திரி பின்கட்டுல வச்சிர்றாங்க. இல்லங்க. ஃப்ரிஜ்ல 4 டிகிரிக்கு கீழ இருக்கணும், டிசம்பர் ராத்திரி நம்மள போர்வைக்குள்ள முடக்கினாலும் பெரும்பாலும் அதுக்கு மேல தான் இருக்கும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல தான் கிருமி நல்லா பெருகும். நாய் பூனை கதைய நான் சொல்லத் தேவையில்ல.

தோல் நல்லா காஞ்சிருந்தும் ஒட்டலன்னா எண்ணெய் கூடிப்போச்சி. ஒரு மேசைக்கரண்டி உருக்கின பட்டரோ எண்ணெயோ முழு பறவைக்கும் போதும், பளபளன்னு தெரிஞ்சா போதும், வடியக்கூடாது.

மசாலாவே கட்டி கட்டியா இருக்கா? இது நம்ம ஊர் மூடுபனி வேலை. டப்பா மூடி சரியா இல்லன்னா ஈரத்த இழுத்துக்கும். வெறும் சட்டியில இளஞ்சூட்டுல லேசா பிரட்டி எடுத்து, ஆறினதும் சலிச்சா சரியாயிரும். ஆனா பூஞ்சண வாசம் வந்தா, இல்ல மிளகாத்தூள்ல சாம்பல் கலர்ல ஏதாவது தெரிஞ்சா வறுத்து காப்பாத்த பாக்காதீங்க. பூஞ்சணம் விட்டுட்டு போற நஞ்சு வறுத்தாலும் முழுசா போகாது. குப்பைக்கு.

மேல கறுப்பு, உள்ள பச்ச

அதிகமா வர்ற புகார் இது தான், காரணமும் நாலஞ்சு இருக்கு.

மேல மட்டும் கருகி அடிப்பக்கம் வெளுப்பா இருந்தா: ஓவன்ல சூடேத்துற மேல் கம்பிக்கு ரொம்ப கிட்ட இருக்கு. சின்ன டேபிள் ஓவன்ல 5 கிலோ பறவைய அடைச்சா நெஞ்சு கம்பியில முட்டாத குறையா தான் இருக்கும். ட்ரேய ஆகக் கீழ் தட்டுல வைங்க, மேல் கம்பிய ஆஃப் பண்ற வசதி இருந்தா முதல் ரெண்டு மணி நேரம் ஆஃப் பண்ணுங்க. அப்பவும் இடம் பத்தலன்னா இறைச்சிக் கடையிலயே முதுகெலும்ப வெட்டி எடுத்துட்டு நெஞ்ச அமுக்கி தட்டையாக்கி தரச் சொல்லுங்க. சீக்கிரமாவும் வேகும், மசாலாவும் எல்லா இடமும் ஒரே மாதிரி சிவக்கும். முழுசா மேசையில வச்சி வெட்டுற அழகு போயிரும் தான், பரவாயில்ல.

எல்லா பக்கமும் கறுத்திருந்தா: மசாலாவுல சீனி இருக்கான்னு பாருங்க. வெளிநாட்டு ரெசிப்பியில பிரவுன் சீனி ரெண்டு கரண்டி, மூணு கரண்டின்னு போட்டிருப்பாங்க. 160 டிகிரிய தாண்டினா சீனி கருக ஆரம்பிக்கும், வான்கோழி ஓவன்ல கிடக்கிறதோ மூணு மணி நேரம். இனிப்பு வேணும்னா மசாலாவுல போடாதீங்க, கடைசி 20 நிமிஷத்துல கித்துள் பாணிய மெல்லிசா தடவுங்க, கலரும் அள்ளும். பூண்டுத்தூளும் நல்லா சன்னமா அரைச்ச மிளகாத்தூளும் கூட சீக்கிரம் கருகும், அதை எல்லாம் தோலுக்கு அடியில போட்டுட்டு மேல மிளகு, மல்லி, தைம் மாதிரி கொரகொரப்பானத வைங்க.

சீனியும் இல்ல, கம்பியும் கிட்ட இல்லன்னா ஓவன் பொய் சொல்லுது. டயல்ல 160னு இருக்கும், உள்ள 200 இருக்கும். ஓவனுக்குள்ள வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி அரை மணி நேரம் சூடாக்கிட்டு பாருங்க. அது கைவசம் இல்லன்னா பாண் துண்டுகள தட்டு பூரா பரப்பி பத்து நிமிஷம் வைங்க, எந்த மூலை கறுக்குதுன்னு தெரிஞ்சிரும், அந்தப் பக்கம் நெஞ்சு போகாத மாதிரி பறவைய திருப்பி வைக்கலாம். டயல் எப்பவும் ஒரே அளவு தப்பா காட்டினா அந்த வித்தியாசத்த கழிச்சி வச்சிக்கிட்டு ஓட்டலாம். ஒருநாள் 150, ஒருநாள் 210னு ஆடினா சூட்ட கட்டுப்படுத்துற தெர்மோஸ்டேட் போயிருச்சி, மெக்கானிக் தான்.

இப்ப இந்த நிமிஷம் ஓவன்ல கருகிக்கிட்டு இருக்கா? ஃபொயில கூடாரம் மாதிரி மேல மூடுங்க, இறுக்க சுத்தாதீங்க, சூட்ட 160க்கு இறக்குங்க. வெந்து முடிஞ்சதும் கருகின தோல உரிச்சி போட்டுட்டா அடியில இருக்கிற இறைச்சி பெரும்பாலும் நல்லா தான் இருக்கும்.

பேக்கரி போறணையில குடுத்து எடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பாண் போட்ட உடனே போறணை ரொம்ப சூடா இருக்கும், அப்ப வச்சா மசாலா கரி தான். பாண் இறக்கி, தணல ஒதுக்கி, சூடு கொஞ்சம் அடங்கினதும் வைக்க சொல்லி முன்னாடியே பேசிக்கங்க, முதல் பாதிக்கு ஃபொயில் மூடியே இருக்கட்டும். பேக்கரிக்கார அண்ணனுக்கு அவர் போறணைய பத்தி நம்மள விட நல்லா தெரியும், அவர் சொல்ற நேரத்த கேளுங்க. ஆனா வெந்துருச்சான்னு நீங்க இறைச்சியில குத்துற தெர்மாமீட்டரால பாத்துருங்க.

தோல்ல காரசாரம், உள்ள சப்புன்னு இருக்கு

மசாலா கூட போட்டா உள்ள இறங்கும்னு நினைக்கிறாங்க, இறங்காது. உப்பு மட்டும் தான் நேரம் குடுத்தா சதைக்குள்ள போகும், மிளகு மல்லி எல்லாம் மேல்பரப்புலயே நின்னுரும். உப்ப தனியா வைக்க சொன்னது இதுக்குத் தான். முதல் நாள் ராத்திரியே அந்த 50 கிராம் உப்ப மட்டும் எல்லா இடமும் தூவி ஃப்ரிஜ்ல வைங்க. நெஞ்சுக்கும் தொடைக்கும் கூட, சிறகுக்கு கொஞ்சம், வயித்துக்குள்ள கொஞ்சம். முதல்ல தண்ணி விடும், பயப்படாதீங்க, அந்தத் தண்ணியவே உப்போட திருப்பி இழுத்துக்கும். ஒரு ராத்திரி வச்சா போதும், ரெண்டு நாள் வச்சா இன்னும் நல்லது.

அதுக்கப்புறம் கழுத்துப் பக்கமா விரல விட்டு தோல கிழிக்காம சதையில இருந்து விடுவிச்சி, உப்பில்லாத மசாலாவுல பாதிய பட்டரோட குழைச்சி உள்ள தள்ளி மேல இருந்து நீவி பரப்புங்க. மோதிரம் வளையல கழட்டிருங்க, நகம் பட்டாலே தோல் கிழியும்.

நேரமே இல்ல, இன்னைக்கே செய்யணும்னா? உள்ள ருசி ஏறும்னு எதிர்பாக்காதீங்க. ட்ரேயில விழுந்த சாறுல கிரேவி பண்ணி வெட்டின துண்டு மேல ஊத்துங்க. கத்தியால குத்தி குத்தி மசாலா திணிக்கிற வேலை வேணாம், சாறு தான் வடியும்.

உப்பு கரிக்குது

பாக்கெட்ட எடுத்து பாருங்க முதல்ல. இறக்குமதியாகிற ஃப்ரோசன் வான்கோழி சிலதுக்கு உப்புத்தண்ணி ஊசி போட்டு தான் வருது, லேபிள்ல சின்ன எழுத்துல உப்புக் கரைசல் இத்தனை வீதம் சேர்த்ததுன்னு இருக்கும். அப்பிடி இருந்தா 50 கிராம் உப்பு கதைய மறந்துருங்க, மசாலாவ உப்பில்லாமலே தடவுங்க.

அடுத்தது கரண்டி. வெளிநாட்டு ரெசிப்பி நிறையவே கோஷர் உப்பு கணக்குல எழுதினது. அது பெரிய துகள், ஒரு மேசைக்கரண்டியில சிலது 10 கிராம் தான் நிக்கும், நம்ம உப்புத்தூள் அதே கரண்டியில 18 கிராம் நிக்கும். அவங்க சொன்ன கரண்டிய அப்பிடியே போட்டா உப்பு கிட்டத்தட்ட டபுள். தராசு இல்லாத வீடுன்னா உப்புத்தூள் தலைதட்டி 8 தேக்கரண்டி, ஏறக்குறைய 50 கிராம் வரும்.

கடையில வாங்கின கலவை மசாலாவுல ஏற்கனவே உப்பு இருக்கும், நாவுல ஒரு துளி வச்சி பாத்தா தெரிஞ்சிரும். அதுக்கு மேல சோயா சோஸ், சூப் கட்டி எல்லாம் சேர்த்தா கேக்கவே வேணாம்.

இன்னும் ஓவன்ல போகலன்னா ஈர டிஷ்யூவால மேல இருக்கிறத துடைச்சி எடுங்க. வெந்து போச்சின்னா தோல ஒதுக்கிட்டு கிரேவிய சொட்டு உப்பில்லாம பண்ணுங்க, கூடவே உப்பில்லாம மசிச்ச உருளைக்கிழங்கு. ட்ரே சாற கிரேவிக்கு எடுக்காதீங்க, உப்பு எல்லாம் அங்க தான் கிடக்கு.

கசக்குது

கருகாமலே கசந்தா மூணு பேர்ல ஒருத்தர் தான். கறுப்பா வறுத்த கறித்தூள், கராம்பு, வெந்தயம். வறுத்த கறித்தூள் குழம்புல போட்டா அருமை, ஏற்கனவே கருகுற ஓரத்துல நிக்கிறத மூணு மணி நேரம் ஓவன்ல திரும்ப வறுத்தா கசக்காம என்ன செய்யும். வறுக்காத தூள பாவிங்க. கராம்பு முழு பறவைக்கும் மூணு நாலு பொடிச்சா போதும். மிளகு மட்டும் தாராளமா போடலாம், மாத்தளைப் பக்கத்து மிளகு கிடைச்சா அன்னைக்கே இடிச்சி போடுங்க, போன வருஷத்து தூள்ல வாசமும் இருக்காது ஒண்ணும் இருக்காது.

தோல் மொறுமொறுன்னு வரல, ரப்பர் மாதிரி இழுக்குது

ஃபொயில் கடைசி வரைக்கும் மூடி இருந்துச்சா? ட்ரேயில தண்ணி ஊத்தினீங்களா? ரெண்டுல ஒண்ணுக்கு ஆமான்னா அது ரோஸ்ட் இல்ல, ஆவியில அவிச்சது. தண்ணிய விட்டுருங்க, கடைசி 40 நிமிஷம் ஃபொயில எடுத்துருங்க, ட்ரேயும் உயரம் குறைஞ்சதா இருக்கட்டும்.

ரெண்டும் இல்லன்னா ஃப்ரிஜ்ல மூடாம வைக்கல. உப்பு போட்ட ராத்திரி மேல எதுவும் சுத்தாம ஆகக் கீழ் தட்டுல வச்சா தான் தோல் காயும் (கீழ் தட்டு எதுக்குன்னா, சொட்டுற தண்ணி மத்த சாப்பாட்டுல விழக்கூடாது). அதோட உப்புல 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்துக்கிட்டா இன்னும் மொறுமொறுப்பா வரும். அப்பச்சோடா இல்ல, பேக்கிங் பவுடர். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சி அப்பச்சோடா போட்டா சவுக்கார வாசம் வரும்.

வறண்டு நார் நாரா போச்சி, இல்ல தொடையில இன்னும் ரத்தம் தெரியுது

ரெண்டுக்கும் ஒரே மருந்து, தெர்மாமீட்டர். தொடையோட தடிச்ச இடத்துலயும் நெஞ்சோட தடிச்ச இடத்துலயும் எலும்புல படாம குத்தி 74 டிகிரி காட்டினா வெந்துருச்சி, வெளிய எடுத்து அரை மணி நேரம் ஆற விட்டு வெட்டுங்க. 85, 90க்கு போனா எந்த மசாலாவாலயும் காப்பாத்த முடியாது. ரோஸ் கலர் சாறு மட்டும் பாத்து பயப்படத் தேவையில்ல, 74 வந்திருந்தா சரி. 160 டிகிரியில 5 கிலோவுக்கு மூணு மணி நேரத்த ஒட்டி வரும், ரெண்டேகால் மணியிலயே பாக்க ஆரம்பிச்சிருங்க.

தெர்மாமீட்டர் சரியான்னு பாக்க கொதிக்கிற தண்ணியில வச்சி 100 காட்டுதான்னு பாக்க சொல்வாங்க. நம்ம மலையில அது ஒத்து வராது. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்க தண்ணி 94 டிகிரி கிட்டவே கொதிச்சிரும், ஹட்டன், பண்டாரவளையில 96 கிட்ட, பதுளை, கண்டியில 98 கிட்ட. நல்லா இருக்கிற தெர்மாமீட்டர "94 தான் காட்டுது, பழுது"ன்னு தூக்கிப் போட்டுறாதீங்க. ஐஸ் கட்டிய நொறுக்கி கொஞ்சம் தண்ணி விட்டு அதுல வைங்க, 0 காட்டணும், அது எந்த உயரத்துலயும் மாறாது.

ஒரு மாதிரி வாடை, தொட்டா வழவழன்னு இருக்கு

மசாலா போட்டு மறைக்கிற யோசனையே வேணாம். கரண்ட் போய் வந்திருந்தா ஃப்ரிஜ் எவ்வளவு நேரம் நின்னுச்சின்னு கணக்கு பாருங்க, திறக்காம வச்சிருந்தா 4 மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல போயிருந்தா வாடை வரலன்னாலும் வீசிருங்க, விலைய நினைச்சா வயிறு எரியும் தான். சாப்பிட்டு வாந்தி, வயித்தால போக ஆரம்பிச்சா ஜீவனி (வயித்துப்போக்குக்கு குடிக்கிற உப்புச்சத்து பவுடர்) கரைச்சி குடுங்க, சின்ன பிள்ளைங்க, வயசானவங்க, கர்ப்பிணிங்கன்னா காத்திருக்காம டொக்டர்கிட்ட போங்க. மத்தவங்களுக்கும் ரத்தம் போனாலோ காய்ச்சல் கூடினாலோ, குடிச்ச தண்ணி வயித்துல நிக்கலன்னாலோ ஆஸ்பத்திரி தான்.

எல்லாம் சரி, ஓவன் சூடே ஏற மாட்டேங்குது

கரண்ட் ஓவன்னா பிளக்க பாருங்க. 2000 வாட் ஓவன் 230 வோல்ட்ல 9 அம்பியர் கிட்ட இழுக்கும், அதை 5 அம்பியர் பொயிண்ட்டுல மல்ட்டி பிளக் போட்டு குத்தினா பிளக் உருகும். பண்டிகை ராத்திரி ஊரே கரண்ட் இழுக்கிறப்ப வோல்ட்டேஜ் இறங்கினா ஓவன் சூடும் சேர்ந்து இறங்கும், பல்ப் மங்கலா எரிஞ்சா அது தான், காலையில வெள்ளனவே ரோஸ்ட்ட போட்டுருங்க. பிளாஸ்டிக் கருகுற வாசம், இல்ல ஓவன் பாடிய தொட்டா சுள்ளுன்னு அடிச்சா மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க, அதுல நம்ம கை வைக்கக் கூடாது.

கேஸ் ஓவன்னா சிலிண்டர் முடியிற நேரமா இருக்கலாம். குளிர்ல உள்ள அழுத்தம் குறையும், கொஞ்சமா கேஸ் இருந்தா நெருப்பு இன்னும் சின்னதா எரியும். சிலிண்டர சுடுதண்ணியில வைக்கிறது, அடுப்புக்கிட்ட உருட்டி வைக்கிறது எல்லாம் செய்யாதீங்க. மாத்தி புது சிலிண்டர் போட்டும் நெருப்பு மஞ்சளாவே எரிஞ்சா பர்னர் அடைச்சிருக்கு, கேஸ் அடுப்பு திருத்துறவர் வரணும். கேஸ் வாசம் அடிச்சா சுவிட்ச் எதையும் தொடாம, சிலிண்டர் வால்வ மூடி, ஜன்னல் கதவ திறந்துட்டு எல்லாரும் வெளிய வந்து அப்புறம் போன் எடுங்க. மெக்கானிக் வந்தா "சூடு வரல"ன்னு மட்டும் சொல்லாம டயல்ல வச்ச டிகிரி எவ்வளவு, உள்ள தெர்மாமீட்டர் காட்டினது எவ்வளவு, எத்தனை நிமிஷத்துலன்னு எழுதி வச்சி காட்டுங்க, இல்லன்னா தேவையில்லாம பழுதில்லாத கம்பிய மாத்தி பில் போட்டுட்டு போயிருவாங்க.